பத்துக்கு ஆறு

கனடாவின் ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகம் ஏன் இவ்வளவு சோகையாக இருக்கிறது என்று கேட்டால் அங்கே இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பணம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் அமெரிக்கன். இரண்டும் நிஜம்தான். நிஜத்தையே சாக்காக உபயோகிப்பதில் தேர்ந்துவிட்ட தொழில் அது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு தொடர் கனடியத் தொடர்தானா என்று தீர்மானிக்க, ஒளிபரப்பு ஆணையம் 1984-இல் ஒரு மதிப்பெண் முறையை ஏற்றது. இயக்குநர் கனடியர் என்றால் இரண்டு. எழுதியவருக்கு இரண்டு. முக்கிய நடிகர் இருவர், ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், இசையமைப்பாளர், படத்தொகுப்பாளர் இவர்களுக்குத் தலைக்கு ஒன்று. பத்துக்கு ஆறு எடுத்தால் பாஸ். கதை எந்த ஊரில் நிகழ்கிறது, யாருடைய வாழ்க்கை அது, எந்தத் தெருவின் பேச்சு என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. பல பத்தாண்டுகள் ஒரு தேசத்தின் கலைக்கு அளவுகோலாக இருந்தது பாஸ்போர்ட்.

உள்ளடக்கத்தை அதிகாரி அளக்கப் புகுந்தால் தணிக்கையில் போய் முடியும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்க முடிந்ததை மட்டும் அளந்துவிட்டு, அளந்ததற்குக் கலாசாரம் என்று பெயர் வைத்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பலனைப் பாருங்கள். ‘ஆர்பன் பிளாக்’ (2013–2017) டொராண்டோவில் எடுக்கப்பட்டது, கணக்கில் கனடியம். எந்த நகரம் என்று மட்டும் சொல்லாமல் கடைசிவரை மழுப்பும். ஒரே ஆளாகப் பல பெண்களாக வரும் டாட்டியானா மஸ்லானியின் நடிப்பு அசாதாரணமானது. 2016-இல் எம்மி விருதும் கிடைத்தது. அந்தப் பெண்களுக்கு முகங்கள் பல. காலூன்ற ஊர்தான் இல்லை. மறுபக்கம், மார்கரெட் அட்வுட் என்ற கனடிய எழுத்தாளரின் நாவலிலிருந்து பிறந்து, டொராண்டோ வட்டாரத்திலேயே எடுக்கப்பட்ட ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (2017–2025) அமெரிக்கத் தயாரிப்பு. ஆகவே கணக்கில் சேராது.

அப்படியானால் எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரு வருஷம்: 1999. அந்த வருஷம் ஆணையம் தனியார் நிலையங்களின் செலவுக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நாடகத்துக்குரிய முன்னுரிமையை மலிவான வகைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. நாடகத் தயாரிப்பு சரிந்தது. சரியாமல் என்ன செய்யும்? தனியார் நிலையங்கள் பிழைப்பதே இரவலில். அமெரிக்கத் தொடரை வாங்கி, அமெரிக்க நிலையம் போடும் அதே நேரத்தில் இவர்களும் போடுகிறார்கள். அமெரிக்க அலைவரிசையிலும் கனடிய ஒளிபரப்பை, கனடிய விளம்பரங்களோடு, கேபிள்காரர் பொருத்தித் தரவேண்டும். 1970களிலிருந்து இதுதான் ஏற்பாடு. இந்த வியாபாரத்தில் சொந்தத் தொடர் என்பது வருஷத் திதி மாதிரி. செய்யாவிட்டால் பாவம், செய்வதில் சந்தோஷம் இல்லை.

கனடிய வாழ்க்கைக்கு நாடகமாகும் சத்து கிடையாது என்ற முணுமுணுப்பும் காதில் விழுகிறது. ‘டாவின்சிஸ் இன்க்வெஸ்ட்’ (1998–2005) பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். கிறிஸ் ஹாடாக் வான்கூவரை எங்கும் ஒளித்துவைக்கவில்லை. போதை ஊசியில் செத்தவர்கள், காணாமற்போன பெண்கள், கிழக்குப் பகுதிச் சந்துகள், இவற்றினூடே நடந்து களைத்துப்போகும் ஒரு மரண விசாரணை அதிகாரி. அந்தப் பாத்திரத்துக்கு மூலமாக இருந்த லாரி காம்பெல் 2002-இல் அந்நகரத்தின் மேயரானார். நாடகமும் நகரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அதே ஹாடாக் 2006-இல் தொடங்கிய ‘இன்டெலிஜென்ஸ்’ இரண்டே பருவங்களில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது தனியார் முதலாளி அல்ல. பொது நிறுவனமான சி.பி.சி.

கியூபெக்கைக் காட்டினால், அவர்களுக்கு பிரெஞ்சு மொழி வேலி என்பார்கள். வாஸ்தவம். ஆனால் வேலி இருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. 1953-இலேயே ரோஜே லெமலேனின் ‘ப்ளூஃப் குடும்ப’த்தை, கியூபெக் நகரத்துத் தொழிலாளர் வீட்டை, அதன் சமையலறைச் சண்டைகளோடு அவர்கள் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். எங்கோ இருக்கும் வாங்குபவனுக்கு அந்த வீடு புரியுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆங்கிலக் கனடாவோ முதல் வரி எழுதுமுன்பே அந்த வாங்குபவனை நினைத்துக்கொள்கிறது.

இப்போது சண்டை வேறு இடத்துக்குப் போய்விட்டது. 2023-இல் இணைய ஒளிபரப்புக்குச் சட்டம் வந்தது. 2024-இல் ஆணையம், பெரிய அந்நிய நிறுவனங்கள் கனடிய வருமானத்தில் ஐந்து சதவீதம் தரவேண்டும் என்றது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பணம் வரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதுவும் ஊர் பெயரைச் சொல்லக் கூசுகிற கதைகளுக்கே போகுமானால் அது உதவுவது ஸ்டுடியோ வாடகைக்கும் சாப்பாட்டு வண்டிக்கும்தான். பலபேருக்கு அது பிழைப்பு. அதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. அதற்குத் தொழிற்கொள்கை என்று நேராகப் பெயர் வையுங்கள். நாடகம் வேண்டுமென்றால் ஒரு எழுத்தாளனுக்கு ஒரு நகரத்தையும் ஏழு வருஷங்களையும் கொடுங்கள். வான்கூவரில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தாயிற்று.