பேஸ்புக்கில் வாய்ப்பூட்டு

ஊர்ப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊராரின் புகழ்ச்சிக்கு மாத்திரம் காது கொடுத்து, குறை சொன்னவுடன் கதவைச் சாத்திக்கொள்ளுவது எந்த நியாயம் என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் போர்ட் ஹ்யூரன் என்று ஒரு பட்டணம். அதற்கு 2014-ம் வருஷம் நகர நிர்வாகியாக வந்தவர் ஜேம்ஸ் பிரீட் என்பவர். காலேஜ் நாட்களில் தாம் ஆரம்பித்த பேஸ்புக் பக்கத்தில் இந்த உத்தியோகப் பெயரையும், நகரசபையின் மின்னஞ்சல் விலாசத்தையும் சேர்த்துக்கொண்டார். குடும்பப் படங்களும் அதில்தான். உதிர்ந்த இலைகளை வாரும் வேலை, ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் விஷயம் ஆகியவையும் அதில்தான். 2020-ல் கொரோனா பரவினபோது, நகரசபை நடவடிக்கை போதாது என்று ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பக்கத்தில் எழுதினார். மேயரும் நிர்வாகியும் ஓட்டலில் சாப்பாடு வாங்குகிற படம் வந்தபோது, ஜனங்கள் கஷ்டப்படுகையில் தலைவர்களுக்கு விலையுயர்ந்த ஓட்டல் சாப்பாடா என்றும் கேட்டார். நிர்வாகி பதில் சொன்னாரா? இல்லை. எழுதினதை அழித்தார். பிறகு ஆளையே தடுத்துவிட்டார். வழக்கு வந்ததும், அது தம் சொந்தப் பக்கம் என்று வாதாடினார்.

தாசில்தார் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் கச்சேரி போர்டை மாட்டி, சர்க்கார் விளம்பரங்களையும் அங்கேயே ஒட்டிவிட்டு, மனுவோடு வருகிறவனை மாத்திரம் "இது என் வீடு, வெளியே போ" என்று விரட்டினால் அதை யோக்கியமென்று யார் ஒப்புவார்கள்?

இந்த வழக்கில் 2024 மார்ச் 15-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் 9 ஜட்ஜுகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் ஏமி கோனி பாரெட் அம்மையார். சர்க்கார் சார்பில் பேச அந்த உத்தியோகஸ்தருக்கு உண்மையில் அதிகாரம் இருந்திருக்க வேண்டும். அந்த அதிகாரத்தைச் செலுத்துவதாகவே அவர் பதிவு போட்டிருக்கவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அவர் செய்தது சர்க்கார் செய்ததாகும் என்று சொல்லி, வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்குத் திருப்பினார்கள். உத்தியோகஸ்தனும் ஒரு மனிதன், அவனுக்கும் சொந்த வாய் உண்டு என்பது வாஸ்தவமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இலை வாருவதையும் குடும்பப் படத்தையும் ஒரே பக்கத்தில் கலந்து வைத்தவர் உத்தியோகஸ்தர். இன்ன சட்டப்படி, இன்ன வழக்கப்படி அவருக்கு அதிகாரம் இருந்தது என்று ருசுப்படுத்தவேண்டிய பாரமோ தடுக்கப்பட்ட குடிமகன் தலையில்! கூலிக்காரன் ஒருவன் எந்த வக்கீலைப் பிடித்து இதை ருசுப்படுத்துவான்?

ஆளைத் தடுப்பதில் உள்ள அபாயத்தை மாத்திரம் கோர்ட்டு நன்றாய் எடுத்துக்காட்டியிருக்கிறது. ஒரு பதிலை அழித்தால் அந்த ஒரு பதிவோடு போயிற்று. ஆளைத் தடுத்தாலோ, அவன் அந்தப் பக்கத்தில் எதற்குமே பதில் எழுத முடியாது, நகரசபை விஷயம் உள்பட.

நிற்க, பொதுஜனங்கள் பக்கத்திலும் கோணல் இல்லாமலில்லை. அதே நாளில் தீர்ப்பான, கலிபோர்னியாவில் போவே பள்ளி நிர்வாகசபை அங்கத்தினர்கள் இருவரைப் பற்றிய வழக்கில், பெற்றோர் ஒருவர் சுமார் 10 நிமிஷத்தில் 226 ட்விட்டர் பதிவுகளுக்கு ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிப் போட்டாராம். இது சகஸ்ரநாம அர்ச்சனையாகுமே ஒழிய விவாதமாகாது. ஆனாலும் தலைவரின் படத்துக்குக் கீழே "ஆஹா, அபாரம்" என்று தினந்தோறும் பூப்போடுகிறவர்கள் செய்வதும் அதே அர்ச்சனைதானே? அவர்களை எந்தத் தலைவராவது தடுத்ததுண்டா?

ஆகவே உத்தியோகஸ்தர்கள் இரண்டு பக்கங்களை வைத்துக்கொள்ளட்டும். ஒன்றில் குடும்பத்தையும், மற்றொன்றில் ஊர் விஷயத்தையும் போடட்டும். இரண்டாவதற்குப் பூட்டு எதற்கு? வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டியின் சபைத் தலைவி பில்லிஸ் ராண்டல், பள்ளிச் சபையாரின் மேல் ஊழல் புகார் எழுதின ஒருவரைத் தடுத்துவிட்டு, சுமார் 12 மணி நேரத்தில் தாமே திறந்துவிட்டார். அந்த 12 மணி நேரமும் குற்றந்தான் என்று 2019-ல் அப்பீல் கோர்ட்டு சொல்லிற்று.