காந்தம் சொல்லாத தரம்

எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல். பாத்திரக்கடைப் பேரத்திலிருந்து பழைய இரும்புக்கடைத் தராசு வரை யாரும் மறுவிசாரணை செய்யாத தீர்ப்பு இது. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போல, ஸ்கிராப்பை உருக்கி வாழும் வட்டாரத்துக்கு இந்த நம்பிக்கை ஆபத்தானதும்கூட. இண்டக்‌ஷன் உலைக்கு உருக்கத் தெரியும். சுத்திகரிக்கும் திறன் அதற்குக் குறைவு. சரக்கைப் பிரிக்கையில் செய்த பிழை, வார்த்தெடுக்கும் பில்லெட் எனும் உலோகக் கட்டியிலும் தொடரும்.

காந்தம் சோதிப்பது உலோகத்தின் தரத்தை அல்ல, அணுக்களின் அடுக்கை. ஒவ்வொரு இரும்பு அணுவுக்கும் காந்தத் திருப்புத்திறன் உண்டு. சாதாரண இரும்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் திருப்புத்திறன்கள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. அதனால் காந்தம் கவ்விக்கொள்கிறது. 304 ரக எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்து படிக அமைப்பையே மாற்றிவிடுகின்றன. அறை வெப்பநிலையில் அந்த அணிவகுப்பு அங்கே நடப்பதில்லை. இத்தனைக்கும் நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும் உலோகம்! ஆகவே, ஒட்டாததை வைத்து நிக்கலைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது வீண். விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து, மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்த 200 வரிசை எவர்சில்வருக்கும் அதே படிக அமைப்புதான். அதிலும் காந்தம் ஒட்டாது. மலிவுச் சரக்கு இந்தச் சோதனையில் அசலாகத் தேறிவிடும்.

மறுபக்கமும் இப்படித்தான். 304 தகட்டைக் குளிர்நிலையில் அழுத்தி வளைத்தால் அதன் ஒரு பகுதி வேறு அமைப்புக்கு மாறும். நல்ல பாத்திரத்தின் விளிம்பிலேயே காந்தம் லேசாக ஒட்டும். 430 ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. குரோமியம் 16 முதல் 18 சதவீதம் வரை உண்டு. அதில் காந்தம் நன்றாக ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரங்களின் அடிப்பகுதிக்கு வேண்டிய குணமே அதுதான். 1992 முதல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் நாணயமும் காந்தத்தில் ஒட்டுகிற இனமே. வியர்வைக் கைகள் எத்தனை மாறியும் அது துருப்பிடித்து உதிர்ந்துவிடவில்லை.

உப்புக்கு 430-ஐவிட 304 நன்றாகத் தாக்குப்பிடிக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த வலு வருவது உலோகக் கலவையால். குரோமியத்தைக் குறைத்த 200 வரிசைச் சரக்கு, காந்தத்தில் ஒட்டாவிட்டாலும் 430-க்கு முன்பே துருப்பிடிக்கக்கூடும். பிறகு ஸ்கிராப் யார்டில் காந்தம் எதற்கு? இரும்பை அலுமினியத்திலிருந்தும் செம்பிலிருந்தும் பிரிக்க அதைவிட விரைவான கருவி இல்லை. எவர்சில்வருக்குள் ரகம் பிரிக்க மட்டும் அது உதவாது. அங்கே உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் கணக்கே செல்லும். வீட்டுக்கு வாங்குகிறவர் ரக எண்ணைக் கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லட்டும். எழுதிக் கொடுத்த எண்ணுக்குக் கடைக்காரர் பொறுப்பு; காந்தத்தின் தீர்ப்புக்கு யாரும் பொறுப்பில்லை.