பச்சைத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள்

கோடை லீவுக்கு ஊருக்குப் போனால், ஏரியையோ குளத்தையோ கண்டதும் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். தண்ணீரோ பச்சைப் பெயின்டைக் கரைத்து ஊற்றிய மாதிரி கிடக்கிறது. "பாசிதானே, ஒதுக்கிட்டுக் குளிங்கடா" என்று கரையிலிருந்து பெரியவர்களே சொல்கிறார்கள். இந்தப் 'பாசிதானே'தான் எனக்குப் பிடிக்காத வார்த்தை.

படிக்கட்டில் வழுக்கும் பாசி வேறு, இது வேறு. நீலப்பச்சைப்பாசி என்று பெயர். உண்மையில் ஒருவகை பாக்டீரியா. சாக்கடையும் வயல் உரமும் சேர்ந்த தண்ணீர், வெயிலில் சூடாகி அசையாமல் கிடந்தால் கிடுகிடுவென்று பெருகும். எல்லாமே விஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக் கூடியவை. கண்ணால் பார்த்து நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நீளக் குச்சியை விட்டுப் பாருங்கள். முடி மாதிரி நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்டில் தோய்த்தது போல வந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

குளித்தவர்களுக்கு அரிப்பு, தடிப்பு, கண் எரிச்சல் வரலாம். விழுங்கினால் வாந்தி, பேதி, வயிற்றுவலி. குழந்தைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். காற்று பாசியை ஒதுக்கும் கரையோரத்தில்தானே அவர்கள் ஆட்டம்! வாய் நிறையத் தண்ணீரும் குடித்து வைக்கிறார்கள்.

"காய்ச்சிட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்பார்கள். ஆகாது. பாசி சாகும், நஞ்சு போகாது. பாசி உடைந்து உள்ளே இருந்ததும் தண்ணீரில் இறங்கிவிடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குடிநீரில் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு கலந்தபோது, காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்றுதான் அறிவித்தார்கள்.

மருந்தடித்துப் பாசியைக் கொல்வதும் வினையாகலாம். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசிக்கு மயில்துத்தம் போட்டார்கள். நாங்கள் துருசு என்று சொல்வது, சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்காதது, அதேதான். பாசி செத்தது. சில நாளில் 148 பேர் கல்லீரல் வீங்கி, வாந்தியோடு படுத்துவிட்டார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள்.

"கல்லீரல்தானே, கீழாநெல்லி இருக்கே" என்று என்னிடமே வருகிறவர்கள் உண்டு. நான் சித்த மருத்துவன், அதன் அருமை தெரியும். ஆனாலும் சொல்கிறேன், இந்த நஞ்சுக்கு அது முறிவு அல்ல. ஆங்கில மருத்துவத்திலும் தனியாக முறிவு மருந்து கிடையாது. தெரியாமல் இறங்கிவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். வாந்தி, பேதி கண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். பையன் எந்தக் குளத்தில் குளித்தான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அங்கே நினைப்பார்கள்.

'ஆழமான பகுதி' என்று போர்டு வைக்கிற பஞ்சாயத்து, பச்சைத் தண்ணீருக்கும் ஒன்று வைக்கலாம். செலவு பெரிசில்லை. அதுவரை பிள்ளைகளைப் பம்ப்செட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.