ஆழமா அடிச்சால் நல்ல தண்ணி வருமாம்!

யாழ்ப்பாணத்தில் ஒரு வளவில் புதுசாய் வீடு எழும்புது எண்டால், குழாய்க்கிணறு அடிக்கிற லொறியும் அங்க வந்து நிற்கும். கொஞ்ச மணித்தியாலத்தில் வேலை முடியும். தண்ணி சவராய் இருந்தால் அதுக்கும் ஒரு பதில் தயாராய் இருக்கு: "இன்னும் கொஞ்சம் ஆழமா அடிப்பம், நல்ல தண்ணி வரும்." குடாநாட்டில் இந்த வசனம் ஒரு பச்சைப் பொய். அதை நம்பிக் காசு கட்டுறதை நாங்கள் நிறுத்தவேணும்.

வவுனியா மாதிரிக் கருங்கல் நிலத்தில் வெடிப்புகளுக்குள் தண்ணி தேடி ஆழமாய்ப் போறதுக்கு நியாயம் இருக்கலாம். எங்கட காலுக்குக் கீழே இருக்கிறது சுண்ணாம்புக்கல். அதுக்குள்ள வெடிப்பு, பொந்து, குகை எல்லாம் இருக்கு. வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் எங்களிட்ட இல்லை. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, கனம் கூடிய கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்குது. அதுதான் எங்கட முழுச் சேமிப்பு. இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு: நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மோட்டரைப் போட்டு உறிஞ்சி அந்த 1 அடியை இறக்கினால், கீழே இருக்கிற உவர் 40 அடி ஏறப் பார்க்கும். ஆழமாய் அடிக்கிறவர் நல்ல தண்ணியைத் தேடிப் போகவில்லை, கடலைத் தேடிப் போறார். நம்பாதவர்கள் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பற்றி விசாரிக்கலாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

அடிக்கிற முறையும் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். கொம்பிரசர் காற்றால் இயங்குற சுத்தியல் தலை ஒண்டு சுழன்று சுழன்று கல்லைக் குத்தும். உடைஞ்ச தூளைக் காற்று மேலே தள்ளும். மேல்மண் இடியாமல் பிவிசி குழாய் இறக்குவார்கள். அந்தக் குழாயைச் சுற்றி இருக்கிற இடைவெளியின் மேல்பகுதியைச் சீமெந்தாலோ களியாலோ இறுக்கி அடைக்கவேணும். அடைக்காமல் விட்டால், முற்றத்து அழுக்கு மண்ணில் வடியாமல் நேரே நிலத்தடி நீருக்குள் இறங்க நாங்களே வழி வெட்டிக் குடுத்தது மாதிரித்தான்.

இனி மலசலகூடக் குழி. கிணத்துக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேணும் எண்டு சொல்லுவினம். 2 பரப்புக் காணி ஏறத்தாழ 5,400 சதுர அடி. சதுரமாய் எடுத்தால் ஒரு பக்கம் 74 அடிதான் வரும். அதுக்குள்ள வீடு, குழி, குழாய் மூண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி. கல்லில் பொந்து இருந்தால் 50 அடியும் காவல் இல்லை. குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் இறங்குற நைத்திரேற்று, கொதிக்க வைச்சால் போகாது. தண்ணி ஆவியாக அதின்ர செறிவு கூடத்தான் செய்யும். குடிதண்ணியில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த எல்லை, போத்தலில் பால் கரைச்சுக் குடிக்கிற கைக்குழந்தைகளை நினைச்சு வைச்சது. தங்கட வீட்டுத் தண்ணியில் அது எவ்வளவு எண்டு எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

"என்ர காணி, என்ர காசு, உங்களுக்கென்ன?" எண்டு கேட்பார்கள். மதில் நிலத்துக்கு மேலே மட்டும்தான் இருக்கு. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் எந்த வேலியைக் கேட்டுக் கிணறுகளுக்குள் போனது? அந்த வழக்கில் மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கவேணும் எண்டு 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தீர்ப்பு நல்லதுதான். ஆனால் காசு வந்து கிணத்தைக் கழுவாது.

அதுக்காக "அந்தக் காலத்தில் ஊருக்கே ஒரு கிணறு, என்ன ஒற்றுமை" எண்டு பெருமூச்சு விட எங்களால் ஏலாது. அந்தக் கிணத்துக் கயிற்றைத் தொடக்கூடாது எண்டு சாதியைச் சொல்லி விரட்டப்பட்ட சனம் இந்த ஊரில்தான் இருக்குது. யாரோ வந்து அள்ளி ஊத்தும்வரை குடத்தோடு காத்து நின்றவர்களுக்குத் தன்ர வளவில் ஒரு கிணறு எண்டது வசதி இல்லை, மரியாதை. அதை விட்டுக்குடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தின் சமையலுக்கும் குளிப்புக்கும் எடுக்கிற தண்ணியையும், பவுசரில் ஏத்தி விக்கிறதுக்கு உறிஞ்சுற தண்ணியையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டம். கணக்குக் கேட்கிறதெண்டால் பெரிய மோட்டரில் இருந்து தொடங்குவம்.

நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். குடாநாட்டில் எந்தத் துளைக்கும் முதல் பிரதேச சபையிட்ட அனுமதி எடுக்கவேணும். எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்கு மேல் போகக்கூடாது எண்டு நீர்வளச் சபை சொல்லவேணும். ஒவ்வொரு துளையின்ர ஆழமும் உவர்த்தன்மையும் பதியப்பட்டு எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கவேணும். சவர் வந்த துளையை அப்படியே விட்டிட்டுப் போகாமல் அடிச்சவரே மூடவேணும். மழைத் தண்ணியை நிலத்துக்குள் இறக்குற குளங்களையும் கேணிகளையும் குப்பை கொட்டி நிரப்புறதை நிறுத்தவேணும்.

கட்டுக்கிணத்தை எட்டிப் பார்த்தால் தண்ணி எவ்வளவு இறங்கிட்டுது எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். குழாய்க்குள் எட்டிப் பார்க்க ஏலாது. அதனால்தான் பதிவு கேட்கிறம், பரிசோதனை கேட்கிறம். அடுத்த லொறி உங்கட ஒழுங்கைக்குள் வரும்போது மறிச்சு மூண்டு கேள்வி கேளுங்கோ: எத்தனை அடி? எங்க சீமெந்து? சவர் வந்தால் ஆர் மூடுறது? பதில் இல்லையெண்டால் லொறியைத் திருப்பி அனுப்புங்கோ.