நகத்தையும் பாருங்கள்!

தஞ்சைத் தரணியில் நடவு வேலை செய்பவருக்கு மூட்டு வலித்தால், "சேற்று வேலை, அப்படித்தான்" என்கிறோம். நகம் சொத்தையானாலும் சேற்றின் மீதே பழி!

சொரியாசிஸ் என்னும் செதில் படை உள்ளவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு மூட்டுவாதமும் வருகிறது. அதைக் காட்டிக்கொடுக்கத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. முடக்குவாதப் பரிசோதனையும் பெரும்பாலும் 'இல்லை' என்றே சொல்லும். அதை நம்பி நோயாளியைத் திருப்பி அனுப்பலாமா?

2006-ல் வகுத்த 'காஸ்பர்' விதிகள் வேறு தடயங்களையும் தேடச் சொல்கின்றன: தோலில் படை, நகத்தில் சிறு குழிகள், விரல் முழுவதும் வீக்கம், குடும்பத்தில் படை, எக்ஸ்ரேயில் புதிய எலும்பு வளர்ச்சி.

படை தொற்று நோயல்ல. தலைமுடிக்குள் இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். டாக்டர்களும் முழங்காலோடு நிறுத்தாமல் நகத்தைப் பார்க்க வேண்டும். காலம் கடந்தால் மூட்டு சிதையும். கோணிப்போன விரல் நாற்றுப் பிடிக்குமா?