வீடியோ கால்ல மனை பார்க்கலாம்... விரல் ரேகை?



"சார், இந்த லாக்டவுன்ல நீங்க எதுக்கு அலையணும்? இடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், பாருங்க. பிடிச்சிருந்தா அட்வான்ஸை ஆன்லைன்ல போட்டு விட்டுடுங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்!"

2020-ல் மனை வாங்க அலைந்த அங்கிள் யாராவது உங்க தெருவில் இருந்தா கேட்டுப் பாருங்க. இந்த மாதிரி ஒரு போன் அவருக்கும் வந்திருக்கலாம். நாமெல்லாம் ஸ்கூல்ல 'ஆல் பாஸ்' வாங்கிட்டு ஜாலியா இருந்த அதே வருஷம்தான். ஆனா வீட்டுப் பெரியவங்களுக்கு ஏது ஜாலி? அக்கா கல்யாணம், அண்ணன் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி பில்... லாக்டவுன்னா இதெல்லாம் காத்திருக்குமா என்ன? அவசரத்துக்கு நிலத்தை விற்க ஒரு பக்கம் ஆள். 'சல்லிசா கிடைக்குதே'ன்னு வாங்க இன்னொரு பக்கம் ஆள்.

ரெண்டு பேருக்கும் ரெண்டு பயம். ஒண்ணு, கொரோனா வந்துடுமோ? இன்னொண்ணு, ஏமாந்துடுவோமோ? முதல் பயத்துல ரெண்டாவது பயத்தை மறந்துடக் கூடாது பாஸ்! இதான் இந்த வார மேட்டர்.

இரும்பைக்கு எப்படிப் போறது?

உதாரணத்துக்கு இரும்பையை எடுத்துக்குவோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி புதுச்சேரி நோக்கி வந்தா, கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆரோவில் பக்கத்தில் இருக்கும் ஊர். சம்பந்தர் பாடிய மகாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான். ஊர் இருப்பது விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஆனா இந்தப் பக்கம் மனை தேடி வர்றவங்க புதுச்சேரியிலும் சென்னையிலும் இருப்பாங்க.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. புதுச்சேரி எல்லையை மூடிட்டாங்க. பக்கத்து ஊர் திடீர்னு 'ஃபாரின்' ஆயிடுச்சு! தமிழ்நாட்டுக்குள்ளேயும் மாவட்டம் தாண்ட பெரும்பாலான நாட்கள் இ-பாஸ் தேவைப்பட்டது. 2020 செப்டம்பர் 1-ல்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. இதுக்கு நடுவுல ஏப்ரல் 20 முதல் சார்பதிவாளர் அலுவலகங்கள் கட்டுப்பாடுகளோட திறந்தாச்சு. அதாவது ஆபீஸ் ரெடி, ஆனா ஆபீசுக்குப் போற வழி ரெடியில்லை! 2021-ல் ரெண்டாவது அலை வந்தப்போ, ஜூன் 7 முதல் தினசரி டோக்கன்ல பாதி மட்டும்தான் கொடுத்தாங்க.

குறைந்தது அஞ்சு பேர்

'எல்லாத்தையும் ஜூம்லயே முடிச்சிருக்கலாமே'ன்னு கேக்கறீங்களா? அங்கதான் சிக்கல். நம்ம பத்திரப் பதிவை ஆட்சி செய்றது 1908-ம் வருஷத்துச் சட்டம். 2001-ல் அதுல சேர்ந்த 32-ஏ பிரிவுப்படி, மனை கிரயம்னா விற்பவர், வாங்குபவர் ரெண்டு பேரோட போட்டோவும் விரல் ரேகையும் வேணும். சாட்சிக்கு ரெண்டு பேர். எதிரே சார்பதிவாளர். கணக்குப் போட்டா குறைந்தது அஞ்சு பேர் ஒரே ரூம்ல. அதுலயும் எல்லாரும் ஒரே கருவியில் விரல் வைக்கணும். கொரோனாவுக்குச் சொல்லவா வேணும்!

அமெரிக்காவுல நியூயார்க் மாகாணம் 2020 மார்ச்லயே நோட்டரி கையெழுத்தை வீடியோவில் வாங்கலாம்னு அனுமதிச்சுது. நம்ம ஊர்ல, நிலம் விற்கிற ஒப்பந்தத்துக்கு மின்னணு கையெழுத்தே செல்லாதுன்னு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2022 செப்டம்பர் வரைக்கும் ஒதுக்கி வெச்சிருந்தது. 1908 சட்டத்துக்குப் பதிலா, ஆன்லைன் பதிவுக்கு இடம் தர்ற ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு 2025 மே மாசம்தான் வெளியிட்டது.

அப்போ பாதுகாப்பா முடிக்க என்ன வழி? சந்திப்புகளைக் குறைக்கணும், சரிபார்ப்பைக் குறைக்கக் கூடாது. புரோக்கர் ஆபீசுக்கு நாலு தடவை, இடத்துக்கு மூணு தடவை, பத்திரம் எழுதுறவர் கிட்ட ரெண்டு தடவைன்னு சுத்துற சுத்தை ரெண்டே ரெண்டா சுருக்கலாம். இடத்துக்கு ஒரு நாள், பதிவுக்கு ஒரு நாள். மீதி எல்லாம் ஸ்க்ரீன்ல. அந்த ஸ்க்ரீன் வேலை யாருக்கு? சந்தேகமே வேணாம், வீட்ல சும்மா ரீல்ஸ் பார்த்துட்டிருக்கிற நமக்குத்தான்!

ஸ்க்ரீன்ல முடியறது

முதல்ல வில்லங்கச் சான்று, அதாங்க ஈ.சி. பதிவுத் துறையோட தளத்துல சர்வே நம்பர் போட்டு இலவசமா பார்க்கலாம். அந்த இடம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, அடமானம் பதிவாகி இருக்கான்னு தெரியும். ஆனா பதிவு பண்ணாத உயிலும், வீட்டுக்குள்ள நடக்கிற பங்காளிச் சண்டையும் ஈ.சி.யில வராது. அதனால மூலப் பத்திரங்களை ஸ்கேன் பண்ணி வாங்கி ஒரு வக்கீலுக்கு அனுப்புங்க.

அடுத்து பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம். வருவாய்த் துறை தளத்துல கிடைக்கும். நிலம் தனியாரோடதா, புறம்போக்கான்னு அ-பதிவேடு சொல்லிடும். கோயில் நிலமான்னும் பாருங்க. அனுமதியில்லாம கோயில் நிலத்தைப் பதிய சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுக்கும் அதே பிரிவுதான் பூட்டு.

மூணாவது ரெரா. மொத்த இடம் 500 சதுர மீட்டருக்கு மேலே போற மனைப்பிரிவுன்னா, ரெரா பதிவு இல்லாம விளம்பரமே பண்ணக் கூடாது. எழுத்து மூலமா ஒப்பந்தம் போட்டுப் பதியாம, விலையில் 10 சதவீதத்துக்கு மேல வாங்கவும் கூடாது. 'மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்'னு சொல்றவர்கிட்ட இந்த நம்பரைக் கேளுங்க. டவர் கிடைக்காமப் போகுதான்னு பாருங்க!

ஸ்க்ரீன்ல முடியாதது

வீடியோவுல எல்லா நிலமும் அழகு! ஏப்ரல், மே வெயில்ல எடுத்த வீடியோன்னா இன்னும் அழகு. இந்தக் கரையோரத்துல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பிச்சு உதறும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளிச்சதை டி.வி.யில பார்த்தோமே. கோடையில் காய்ஞ்சு கிடக்கிற பள்ளத்துல மழைக்கு எவ்வளவு தண்ணி நிற்கும்னு கேமரா சொல்லாது. பக்கத்து வயல்ல வேலை செய்ற அக்கா சொல்லுவாங்க. கடலை ஒட்டின இடம்னா கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேற இருக்கு. இடம் நம்ம பேர்ல இருந்தாலும் வீடு கட்ட முடியாமப் போகலாம்.

அதனால ஒரு தடவையாவது நேர்ல போயே ஆகணும். நல்ல செய்தி என்னன்னா, கொரோனாவைப் பொறுத்தவரை அடைச்ச ஆபீஸ் ரூமை விட வெட்டவெளி எவ்வளவோ மேல். ஒரே கார்ல எல்லாரும் அடைஞ்சு போகாம அவங்கவங்க வண்டியில போகணும். மாஸ்க், தள்ளி நின்னு பேச்சு. புல வரைபடத்தைக் கையில் வெச்சு நாலு மூலைக் கல்லையும் அளந்துட்டு, கிளம்பிட வேண்டியதுதான்.

பவரும் பணமும்

'வர முடியலையா? ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க'ன்னு ஒரு ஐடியா வரும். உஷார்! பொது அதிகாரப் பத்திரத்தை வெச்சு நிலத்தை விற்றதா காட்டினா, அது உரிமை மாற்றமே ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே தீர்ப்பு சொல்லியாச்சு. பவரைக் கையில் வாங்கிட்டு 'இடம் என்னோடது'ன்னு நினைச்சா அவ்வளவுதான். கொடுத்தே ஆகணும்னா, நம்பிக்கையான சொந்தக்காரருக்கு, இந்த இடம், இந்த வேலைன்னு குறிப்பிட்டு மட்டும் கொடுக்கணும்.

ரொக்கமும் வேணாம். நோட்டுக் கட்டை எண்ணறதுல கைக்குக் கை பழகறது ஒரு பக்கம். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம்னு வருமான வரிச் சட்டம் 2015-ல் இருந்து மிரட்டுது. வங்கி மூலமா போங்க. பின்னாடி தகராறு வந்தா சாட்சியும் அதுதான்.

பதற வேண்டாம்

'இன்னைக்கே முடிக்கணும், இல்லன்னா வேற பார்ட்டி ரெடி'ங்கற அவசரத்துக்கு மருந்து சட்டத்துலயே இருக்கு. எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க 4 மாசம் டைம். அதுவும் தாண்டினா அபராதத்தோட இன்னும் 4 மாசம். நோயாளியோ, நடக்க முடியாத தாத்தாவோ கையெழுத்துப் போடணும்னா, தகுந்த காரணம் சொல்லி விண்ணப்பிச்சா, சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் வழியுண்டு. வயசானவங்களை டோக்கன் கூட்டத்துல நிற்க வைக்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுப் பாருங்க.

பதிவு நாள் அன்னைக்கு? டோக்கன் நேரத்துக்குப் போங்க, முன்னாடியே போய்க் கும்பல் சேர்க்காதீங்க. தேவையான ஆள் மட்டும். மாமா, சித்தப்பா, புரோக்கரோட நண்பர் எல்லாம் வீட்லயே இருக்கட்டும். சொந்தப் பேனா. விரல் வைக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சானிடைசர்.

அடுத்த லாக்டவுன் வரவே வேண்டாம்னு வேண்டிக்குவோம். ஆனா துபாய்ல இருக்கிற அண்ணனுக்கும், சென்னையில வேலை பார்க்கிற அக்காவுக்கும் நிலம் இன்னைக்கும் ஸ்க்ரீன் வழியாத்தானே வருது? அதனால சனிக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. வீட்டு பீரோவுல இருக்கிற பத்திரத்தை அப்பாகிட்ட கேட்டு வாங்கி, சர்வே நம்பரைப் போட்டு ஈ.சி.யைப் பாருங்க. அவர் பேர் அதுல சரியா இருக்கான்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம். வர்ட்டா!