நம் வீடுகளில் பாடும் வாய்கள் எங்கே?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இசை ஹலாலா, ஹராமா என்னும் கேள்வியோடு நம்மிடம் வருவோர் பலர். நெய்வேலி நகரியத்து மதரஸாவில் ஆண்டுக்கு இருமுறையேனும் யாரேனும் ஒரு பெற்றோர் இதைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் பள்ளிக்கூட ஆண்டுவிழா நெருங்கும் நாள்களில். விடை கூறாமல் நழுவுவது ஆசிரியருக்கு அழகன்று. ஆயினும் விடையைப் பெற்றுக்கொண்டு போன வீடுகளில் அதன்பின் என்ன ஒலிக்கிறது என்பதே நம்மை நெடுநாளாக உறுத்தி வருகிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இசைக்கருவிகளைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அதனை முதன்மையாகக் கொண்டு நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் பெரும்பாலான கருவிகளைத் தடுத்துள்ளனர். இமாம் இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் மாறுபட்டனர். அதே புகாரியில்தான், பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிய செய்தியும் வருகிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டபோது, ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மறுமொழி கூறினார்கள். அகழ்ப்போருக்காக மண் சுமந்தபோது அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் கவியடிகளை நபியவர்களே குரலுயர்த்திச் சொன்னார்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலில் மேடை இடப்பட்டது. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் ஒரு முழுப் பகுதியையே இதற்கென ஒதுக்கி, பாட்டு உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை, அங்கிருப்பதையே கிளறிவிடுகிறது என்னும் கருத்தை எடுத்துரைக்கிறார்கள்.

ஆக, கருவிகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பேணுதல் உள்ளோர் ஒதுங்கியே இருக்கட்டும். நல்ல பொருளுடைய பாட்டை ஒரு மனிதர் தம் வாயால் பாடுவதைப் பற்றி அத்தகைய வேறுபாடு இல்லை. நம் வீடுகளிலோ நிலைமை நேர்மாறாக இருக்கிறது. கருவி இருக்கிறது, வாய்தான் மூடிக்கிடக்கிறது.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து உறங்கும் தகப்பனை எழுப்பிவிடக் கூடாதே என்று, அழும் குழந்தையின் கையில் செல்போனைக் கொடுக்கும் தாயைக் குறைகூற நமக்கு மனமில்லை. பேணுதலுள்ள வீடாயின் அதில் அரபு நஷீத் ஓடும். அல்லது மாஹிர் ஸைனின் ஆங்கிலப் பாட்டு ஓடும். மற்ற வீடுகளில் என்ன ஓடும் என்று நாம் எழுதவேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஓர் ஆங்கில நஷீதை அடிபிறழாமல் பாடிக்காட்டுகிறது. பொருள் கேட்டால் சிரிக்கிறது. சரி, உன் பாட்டியார் பாடும் பாட்டு ஒன்றைப் பாடு என்றால், பாட்டி பாடுவாரா என்று நம்மையே திருப்பிக் கேட்கிறது.

இது எல்லா ஊருக்கும் பொதுவான குறைதானே என்பீர்கள். நெய்வேலிக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தபின், பல திசைகளிலிருந்தும் வந்தோர் குடியேறி உருவான நகரியம் இது. நம் மக்தபில் ஒரே பாயில் அமரும் பிள்ளைகளில் ஒருவன் தந்தையை அத்தா என்பான், அடுத்தவன் வாப்பா என்பான், மூன்றாமவன் உப்பா என்பான். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, பண்ருட்டி, நெல்லை, இராமநாதபுரம், ஆம்பூர் என்று வேர்கள் எங்கெங்கோ கிடக்கின்றன. பணி ஓய்வு வந்ததும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து ஒப்படைக்கவேண்டும். முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, வாசலில் வேம்பும் கொல்லையில் முருங்கையும் வைத்து வளர்த்தவரும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். இது பாட்டன் கட்டிய வீடு, இது பூட்டன் வெட்டிய கிணறு என்று பிள்ளைக்குக் காட்ட இங்கே யாரிடமும் எதுவும் இல்லை. (சுரங்கத்துக்காகத் தம் ஊரையே விட்டெழுந்த சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கு இந்தத் துயரம் இன்னும் ஆழமாகத் தெரியும். அது தனியே எழுதப்படவேண்டியது.)

அப்படிப் புறப்படும் ஒரு குடும்பம் பெட்டி படுக்கைக்கு அப்பால் எதை எடுத்துச் செல்லும்? தொழுகையை எடுத்துச் செல்லும், அல்ஹம்துலில்லாஹ். சமையலை எடுத்துச் செல்லும். நோன்புக் கஞ்சியின் பக்குவம் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் எவரும் தம் ஊர்ப் பக்குவத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பேச்சையும் ஓரளவு காத்துவைத்திருக்கிறோம். பாட்டு மட்டும் கைநழுவிப் போகிறது.

அது சிறிய சொத்தன்று. தமிழ் முஸ்லிம்களின் மார்க்கக் கல்வி நெடுங்காலம் காது வழியாகவே நடந்தது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழில் முன்பு இல்லாத இலக்கிய வகைகளையே நம் முன்னோர் உண்டாக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒருவர் ராகமிட்டு வாசிக்கப் பலர் சுற்றியமர்ந்து கேட்பதற்கென்றே ஆனவை. 'நூறு மசலா' மார்க்கக் கேள்விகளையும் விடைகளையும் கதைப்போக்கில் சொல்லித்தந்தது. பெண்களுக்கான அறிவுரை 'பெண்புத்தி மாலை'யாக வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் யாத்த சீறாப்புராணம் 5,000க்கும் மேற்பட்ட செய்யுள்களில் நபிகளாரின் வரலாற்றைச் சொல்கிறது. எழுத்தறியாத ஒருவருக்கும் அது எட்டியதென்றால், பாடிக் காட்டுவோர் இருந்ததால்தான். அந்நூலுக்கு உரைகண்ட கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907இல் சென்னையில் சதாவதானம் செய்துகாட்டியவர். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் சிதறாதிருக்கும் அந்நினைவாற்றல் யாப்போடும் ஓசையோடும் பழகிய மனத்துக்கே வாய்த்தது என்று நாம் கருதுகிறோம்.

பெண்கள் கேட்பவராக மட்டும் இருந்ததில்லை. கீழக்கரை செய்யது ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், தென்காசி ரசூல் பீவி முதலானோர் தாமே பாடல் புனைந்தவர்கள். பெயர் தெரியாத எத்தனையோ தாய்மார் தாலாட்டிலும் மருதாணி இடும் இரவிலும் புனைந்தவை எந்த ஏட்டிலும் இல்லை. தொட்டிலோடு பிறந்து தொட்டிலோடு போயின.

ரமழானில் ஸஹருக்கு எழுப்ப, தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்த பக்கீர்சாக்களை நடுத்தர வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது செல்போன் அலாரம் எழுப்புகிறது. நேரம் தவறுவதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இசைமுரசு நாகூர் ஹனிபா (1925–2015) அவர்களைப் பற்றிக் கூறாமல் இதைக் கடக்கவியலாது. கல்யாண வீட்டில் ரேடியோ செட்டுக்காரர் குழாயை மரத்தில் கட்டியதும் முதலில் எழும் குரல் அவருடையதே. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடல் சமயம் கடந்து தமிழ்நாடெங்கும் அறியப்பட்டது. நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள் அதை நம்மைவிடத் திருத்தமாகப் பாடக் கேட்டிருக்கிறோம். துஆ என்றால் என்ன என்பதைப் பிறசமய நண்பருக்கு விளக்க ஒரு மணிநேரம் பயான் செய்தாலும் அப்பாடல் அளவுக்குப் போய்ச் சேருமா என்பது ஐயமே.

இவ்விடத்தில் சில சகோதரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவோம். அப்பாடல்களில் இசைக்கருவிகள் உண்டு. பழைய பைத்துகள் சிலவற்றில் இறைநேசர்களை அழைத்து உதவி வேண்டும் அடிகள் உண்டு. அவற்றைத் தவ்ஹீதுக்கு ஒவ்வாதவை என்று மறுப்போரும், விளக்கம் கூறி ஏற்போரும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் களை பிடுங்கப் போய் வயலையே உழுது அழித்த கதையாகிவிட்டது. நகரியத்தில் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியாரிடம், பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கப் பாட்டு ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டோம். "அதெல்லாம் பாடக்கூடாதுன்னு எம் மகன் சொல்லிட்டானே, ஹஜரத்து" என்றார். இருபது ஆண்டுகளாகப் பாடவில்லையாம். வற்புறுத்தியபின் மெல்லிய குரலில் பாடினார். அல்லாஹ்வின் திருநாமங்களைச் சொல்லி, குழந்தையின் கண்ணுக்கு உறக்கமும் கல்புக்கு ஈமானும் கேட்கும் எளிய தாலாட்டு. அதில் மறுக்கத்தக்க ஒரு சொல் இல்லை. அந்த மகனின் நோக்கத்தில் பழுதில்லை. அவர் பாட்டைக் கேட்டுப் பார்க்காமலே தீர்ப்பளித்துவிட்டார், அவ்வளவே.

பொருளில் பிழையுள்ள அடியை விட்டுவிடுங்கள். கருவி வேண்டாம் என்போர் கருவியை விட்டுவிடுங்கள். கருவி ஒலிநாடாவில் இருக்கிறது. தாயின் தொண்டையில் இல்லை. ஹனிபா அவர்களின் பாடலையே கருவியின்றி மகளோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுவதை எந்தப் பேணுதல் தடுக்கும்?

ஒலிக்கவிடுவதும் பாடுவதும் ஒன்றல்ல என்று நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மதரஸாவில் பிள்ளைகள் நினைவில் வைப்பது எப்படி என்பதை அன்றாடம் பார்க்கிறோம். குர்ஆன் ஓதுதல் இசையன்று. அதற்குத் தஜ்வீத் என்னும் தனி ஒழுங்கு உண்டு. ஆயினும் அழகிய குரலில் ஓதுவதை மார்க்கம் விரும்புகிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாவூத் (அலை) குடும்பத்தாரின் இனிய குழலோசையோடு அதை ஒப்பிட்டுப் பாராட்டினார்கள். 114 அத்தியாயங்களையும் நெஞ்சில் ஏற்றும் சிறுவன் எழுத்தை மட்டும் நினைவில் வைப்பதில்லை. உஸ்தாதின் குரல் எங்கே நீண்டது, எங்கே நின்றது என்பதையும் சேர்த்தே வைக்கிறான். மறந்துபோன ஆயத்து பெரும்பாலும் ஓசை வழியாகத்தான் திரும்பி வருகிறது. வீட்டில் தாலாட்டும் பைத்தும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மத்து, குன்னா ஆகியவை விரைவில் பிடிபடுவதையும் கவனித்திருக்கிறோம். திரையிலிருந்து கேட்கும் பாட்டு இப்படி வேலை செய்வதில்லை. அது பிள்ளைக்காக நிற்பதில்லை. பிழை விட்டால் திருத்துவதில்லை. முடிந்தவுடன் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது.

குணம் உருவாவதிலும் இதற்குப் பங்குண்டு. சென்ற ஆண்டு பொறியியல் கல்லூரி விடுதியில் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். முதல் மாதம் உறக்கம் வராத இரவுகளில், தம் பாட்டியார் மஃரிபுக்குப் பின் பாடும் முனாஜாத்தைத் தமக்குள் சொல்லிக்கொண்டதாகக் கூறினார். கெட்ட சகவாசம் அழைத்த ஓரிரவிலும் அதுவே தம்மை அறையில் இருத்தியதாம். ஆனால் அவருக்கு இரண்டு அடிகள் மட்டுமே நினைவிருக்கின்றன. மூன்றாம் அடியைக் கேட்கப் பாட்டியார் இல்லை. தாயாரிடம் கேட்டிருக்கிறார், ராகம் தெரிகிறது, சொல் தெரியவில்லை என்றாராம். நம்மிடம் உண்டா என்று கேட்கவே வந்திருந்தார். நம்மிடமும் இல்லை. அந்த முனாஜாத்து அச்சேறியதா, அவருடைய பாட்டியாரே கட்டியதா என்பதைச் சொல்லக்கூடியவர் இப்போது ஒருவரும் இல்லை.

அவர் போனபின் தொடங்கியதுதான் இவ்வாண்டின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வரவேண்டும். யார் பாடியது, எந்த ஊர், எந்த வேளையில் பாடுவது என்னும் மூன்று விவரங்களும் கூடவே வேண்டும். பிறகு பாடியவரோடு சேர்ந்து பிள்ளையும் அதைப் பாடக் கற்கவேண்டும். செல்போனில் பதிவு செய்வதை நாம் தடுக்கவில்லை. ஆனால் பதிவை மட்டும் கொண்டுவந்தால் ஏற்பதில்லை. பொருளை நாம் பார்த்துத் தருகிறோம். ஐயமுள்ள அடியைப் பற்றிப் பெற்றோரோடு பேசி முடிவு செய்கிறோம். இதுவரை இருபத்துமூன்று வந்துள்ளன. பாதிக்குமேல் தாலாட்டு. கடலோர ஊரிலிருந்து வந்த குடும்பமொன்று, கப்பலேறுவோரை வழியனுப்பப் பாடும் பைத்து ஒன்றைக் கொடுத்தது. மூன்று தலைமுறையாக அவ்வீட்டில் எவரும் கப்பலேறவில்லை. இரண்டு பாட்டுகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒரு தகப்பனார், தமக்குத் தெரிந்தது சினிமாப் பாட்டு மட்டும்தான் என்று வருந்தி, தம் மாமியாரைக் கேட்டு எழுதிக்கொடுத்தார்.

இந்த ஆண்டு பணி ஓய்வு பெறும் குடும்பங்களை முதலில் வேண்டிக்கொள்கிறோம். வீட்டைக் காலிசெய்யும் முன், உங்கள் தாயாரோ மாமியாரோ இங்கிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து எப்படியிருந்தாலும் படித்துக்கொள்வோம். எழுத இயலாதவர்கள் பெரியவரையே அழைத்து வரலாம். ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா திறந்திருக்கும். முட்டிவலி உள்ளவர்களுக்காக நாற்காலி போட்டிருக்கிறோம்.